தம்பிக்குப் பங்கு: கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம். எதைச் செய்தாலும் சாமியைக் கேட்டுத்தான் செய்கிறேன். அப்பா வீட்டில் தம்பிக்குப் பங்கு கொடுப்பதா என்பதற்குக்கூட அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தேன். 'அப்புறம் உனக்கு சொந்தப் புத்தி எதற்கு?' என்கிறான் நண்பன். கடவுளை மையமாக வைத்து வாழ்பவன் சுயமாகச் சிந்திக்க முடியாதா?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக முடியும். அப்பர் சமண நூல்களைக் கரைத்துக் குடித்து தருமசேனர் என்று பெயர் வாங்கியவர். சிவனிடம் வந்த பிறகு பல்லவ மன்னன் ஆளனுப்பியபோது, யாருக்கும் நாங்கள் குடியல்ல என்று பாடினார். நண்பருக்கு இது போதும்.

சில நாட்களாக அப்பரின் உழவாரம்தான் மனதில் ஓடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் கருவி அது. திருப்புகலூரில் அவர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் கிடந்தன, கல்லோடு கல்லாக அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறார் சேக்கிழார். பொன்னாசை இல்லாதவர் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். புல்லை எதற்குச் செதுக்கினார்? வலம் வருகிறவர்கள் வெறுங்காலோடு வருகிறார்கள்.

ஐப்பசி மழை விட்டதும் என் பெரியம்மா எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நெருஞ்சி பிடுங்குவார். கொடியை வேரோடு இழுத்துவிட்டு, உதிர்ந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொள்வார். போதும் வாங்க என்றால், "திருவாதிரைக்குப் பிள்ளைத்தாச்சி யாராவது சுத்தி வருவாடா" என்பார். அவருக்கும் கவலைகள் இருந்தன. ஆனால் அந்தப் பிராகாரத்தில் அவர் கண்ணில் இருந்தது முகம் தெரியாத ஒருத்தியின் பாதம். கடவுளை நடுவில் வைப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

உங்கள் கடிதத்தில் நடுவில் உட்கார்ந்திருப்பது நீங்கள். அம்மன் உங்கள் வேலைக்காரி. கோபித்துக்கொள்ளாதீர்கள், வலியோடு போய் நிற்பதில் குறையே இல்லை. சூலை நோய் தாங்காமல்தான் அப்பரும் திருவதிகைக்குப் போனார். வலி தீர்ந்த பிறகு அவர் உழவாரத்தைக் கையில் எடுத்தார். நீங்கள் பூப்பொட்டலத்தை எடுக்கிறீர்கள்.

அப்பா வீட்டில் தம்பிக்குப் பங்கு உண்டு என்று உங்களுக்கே தெரியும். வெள்ளைப் பூ வந்தால் கொடுப்பேன், சிவப்பு வந்தால் மாட்டேன் என்பது என்ன பக்தி? தெரிந்த நியாயத்தை மறுக்க அவளையா துணைக்கு இழுப்பீர்கள்?

என்ன பூ வந்தது என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கும் தெரிய வேண்டாம். இன்றைக்கே தம்பிக்கு போன் போடுங்கள். பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பேசுங்கள்.