தேசிய அணிகளின் பருவம்: கிளிநொச்சியிலிருந்து கேள்வி பதில்

வணக்கம். மீள்குடியேறி வந்த வருடத்திலிருந்து கிளிநொச்சியில் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். இடையில் சில காலம் மத்தியஸ்தராகவும் நின்றிருக்கிறேன். தேசிய ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டைப் பற்றியும் கேட்கலாம் என்று சொன்னதற்கு நினைத்ததைவிட நிறையக் கேள்வி வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

வவுனியா, தம்பி ஒருவர்: அண்ணை, ஆசியக் கிண்ணத் தகுதிகாணில் எங்கள் ஆண்கள் அணி உண்மையில் எப்படி விளையாடியது? ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

நல்லாத்தான் விளையாடினார்கள் தம்பி, ஆனால் போதவில்லை. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான பிபா எங்கள் சம்மேளனத்தை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் கடைசியில்தான் நீக்கியது. அந்த ஏழு மாதத்துக்குள் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணமும் போய்விட்டது. தடை நீங்கின கையோடு ஒக்டோபரில் யெமனிடம் 3-0, பிறகு கொழும்பில் 1-1. உலகக் கிண்ணத் தகுதிகாண் அத்தோடு சரி.

அப்படிக் கிடந்த அணி 2024 செப்டெம்பரில் கம்போடியாவோடு அங்கே 0-0, கொழும்பில் 2-2 என்று இழுத்து, பெனால்டியில் 4-2 என்று வென்றது. அன்று இரவு எங்கள் வீதியில் வெடி கொளுத்தினார்கள். அந்த வெற்றியால்தான் தாய்லாந்து, துர்க்மெனிஸ்தான், சீன தாய்ப்பே (தாய்வான்) இருந்த கடைசிச் சுற்றுப் பிரிவுக்குள் போனோம். பாங்கொக்கில் 1-0 என்றுதான் தோற்றோம், 2025 ஜூன் 10 சீன தாய்ப்பேயைக் கொழும்பில் 3-1 என்று அடித்தோம். ஆனால் பிரிவில் முதலாவதாக வரும் ஒரே ஒரு அணிக்குத்தான் சவூதியில் வைக்கும் 2027 ஆசியக் கிண்ணத்தில் இடம். இரண்டாவதாக வந்தாலும் வீட்டுக்குத்தான்.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற ஆசிரியர்: நாம் எப்போதாவது தெற்காசியாவை வென்றோமா?

வென்றோம் ஐயா. 1995, கொழும்பு, இறுதியாட்டத்தில் இந்தியாவை 1-0. அதற்குப் பிறகு இல்லை.

பரந்தன்: மகனுக்கு 15 வயது. தேசிய அணிக்குத் தெரிவாக எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

விண்ணப்பம் என்று ஒன்று இல்லை. பாடசாலை அணியில் வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என்று ஏற வேண்டும். இல்லாவிட்டால் லீக்கில் பதிவான ஒரு கழகத்துக்கு விளையாட வேண்டும். இரண்டும் செய்தால் நல்லது, தெரிவாளர் பார்க்கிற ஆட்டத்தில் பிள்ளை நின்றால்தானே கண்ணில் படுவான். கழகத்தில் பதியும்போது அவனுக்கு ஒரு பதிவு இலக்கம் கிடைக்கும், வாழ்நாள் முழுக்க அந்த இலக்கம்தான் அவனோடு வரும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும், இன்று இதைப் பலதரம் சொல்வேன், கோபிக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இடம்பெயர்வில் மூலப்பிரதி தொலைந்தது. பிறகு எடுத்ததில் பெயர் ஒரு மாதிரி, பாடசாலைப் பதிவேட்டில் இன்னொரு மாதிரி, அடையாள அட்டையில் மூன்றாவது மாதிரி. என்னிடம் பழகிய ஒரு பிள்ளை, நல்ல நடுக்கள வீராங்கனை, 16 வயதில் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். கடவுச்சீட்டு எடுக்கப் போன இடத்தில் அவளது பெயரின் ஆங்கில எழுத்து இரண்டு விதமாக இருந்தது. திருத்தித் தரச் சொல்லி ஒரு அலுவலகத்துக்கு நான்கு தரம் அலைந்தோம். ஒவ்வொரு தரமும் அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். முகாம் முடிந்து ஒரு மாதம் கழித்துச் சான்றிதழ் கைக்கு வந்தது. அவள் இப்போது விளையாடுவதில்லை.

புதுக்குடியிருப்பு, தங்கச்சி ஒருவர்: அண்ணை, பெண்களுக்கு விதி, பந்து, நேரம் எல்லாம் வேறா? முழங்கால் போய்விடும் என்று அம்மா விடமாட்டேன் என்கிறா.

விதி ஒன்றுதான் தங்கச்சி. 90 நிமிடம், ஐந்தாம் இலக்கப் பந்து, அதே அளவு கோல் கம்பம்.

அம்மாவின் பயம் வெறும் பயம் இல்லை. முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார் அறுவது ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக நடக்கிறது. பெரும்பாலும் யாரும் அடித்து நடப்பதும் இல்லை. குதித்து இறங்கும்போது, அல்லது ஓடிப்போய்ச் சட்டென்று திரும்பும்போது, முழங்கால் உள்பக்கம் மடிகிறது. தொடையின் பின்தசை பலமில்லாவிட்டால் அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. அதோடு எங்கள் மைதானங்களைப் பாருங்கள், கிரவல், மாட்டுக் குளம்புக் குழி, கோடையில் சீமெந்து மாதிரி இறுகின தரை. காலில் தம்பியின் பழைய சப்பாத்து, ஒரு அளவு பெரிது.

மருந்து இருக்கிறது, காசும் தேவையில்லை. பிபா 11 பிளஸ் என்று ஒரு சூடேற்றும் பயிற்சி, 20 நிமிடம்: மெல்ல ஓட்டம், பிறகு பலத்துக்கும் சமநிலைக்கும் குதித்து இறங்குவதற்கும் உள்ள பயிற்சிகள், கடைசியில் வேக ஓட்டம். நோர்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளை வைத்துச் செய்து 2008இல் வெளிவந்த ஆய்வில், இதைச் செய்த அணிகளில் பாரிய காயங்கள் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தன. ஆட்டத்துக்கு முன் மட்டும் செய்தால் போதாது, ஒவ்வொரு பயிற்சி நாளும் செய்ய வேண்டும். குதித்து இறங்கும்போது முழங்கால் பெருவிரலுக்கு நேரே நிற்கிறதா என்று ஒரு கூட்டாளி முன்னால் நின்று பார்க்கட்டும். இதை அம்மாவிடம் செய்து காட்டுங்கள், விடுவா.

மாங்குளம்: ஐபிஎல் இந்த முறை யார் அண்ணை?

கிரிக்கெட் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான்: தேசிய அணிக்கு எப்படித் தெரிவாவது?

மேலே பரந்தன்காரருக்குச் சொன்னதை வாசியுங்கள். சான்றிதழையும் பாருங்கள்.

நெடுங்கேணி, ஆசிரியை: 2027 உலகக் கிண்ணத்தில் எங்கள் பெண்கள் அணியைப் பார்க்க முடியுமா? முடியாதென்றால் ஏன்?

முடியாது ரீச்சர். பெண்கள் உலகக் கிண்ணத்துக்காகப் பிரேசிலுக்குப் போகும் வழி 2026 பெண்கள் ஆசியக் கிண்ணம். அதற்கான தகுதிகாணில் உஸ்பெகிஸ்தான், நேபாளம், லாவோஸ் இருந்த பிரிவில் நின்று வெளியேறிவிட்டோம்.

ஏன் என்ற கேள்விதான் என் நித்திரையைக் கெடுப்பது. திறமைக் குறை என்று சொல்பவரோடு நான் பேசுவதில்லை. ஆட்டம் குறைவு, அதுதான் நோய். ஆண்கள் அணிக்கு மார்ச், ஜூன், செப்டெம்பர் என்று சர்வதேச நாட்கள் வரும்போது யாராவது ஒரு எதிரணி கிடைக்கிறது. பெண்களுக்கும் பிபா அப்படி நாட்கள் ஒதுக்கித்தான் இருக்கிறது, ஆனால் அந்த நாட்களில் எங்கள் அணி பலதரம் வீட்டில் இருக்கிறது. சுற்றுப்போட்டி வரும்போது முகாம், முடிந்தால் கலைப்பு. உள்ளூரில் வலுவான மகளிர் கழகங்கள் படைத்தரப்பின் கழகங்கள்தான், வன்னிப் பிள்ளைக்கு அந்த வழி இலகுவில்லை. காரணத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பங்களாதேஷைப் பாருங்கள். தெற்காசியப் பெண்கள் கிண்ணம் 2010இல் தொடங்கி முதல் ஐந்து தடவையும் இந்தியாவுக்குத்தான். 2022, 2024 இரண்டையும் பங்களாதேஷ் எடுத்தது. 2025 ஜூலையில் மியன்மாரை அவர்களின் மண்ணிலேயே 2-1 என்று வென்று முதல்தடவையாக ஆசியக் கிண்ணத்துக்கும் போனார்கள். மைமன்சிங் மாவட்டத்தின் மூலையில் கல்சிந்தூர் என்று ஒரு கிராமம். அங்கே அரசாங்க ஆரம்பப் பாடசாலை ஒன்றில் சிறுமிகளுக்குப் பந்து கொடுத்தார்கள், ஆரம்பப் பாடசாலைப் பெண்பிள்ளைகளுக்கென்றே நாடு முழுக்கப் போட்டி வைத்தார்கள். மரியா மண்டா, சஞ்சிதா அக்தர் எல்லாம் அந்த ஊர்ப் பிள்ளைகள். நெடுங்கேணிக்கும் கல்சிந்தூருக்கும் என்ன வித்தியாசம் ரீச்சர்? எங்கள் மாகாணத்திலேயே தெல்லிப்பழை மகாஜனாப் பெண்பிள்ளைகள் எத்தனை வருடமாகத் தேசிய மட்டத்தில் நிற்கிறார்கள். அங்கே பிள்ளைகள் வருடம் முழுக்க விளையாடுகிறார்கள்.

மன்னார், தம்பி ஒருவர்: ஆண்கள் அணியில் இப்போது பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். எங்கள் பிள்ளைகள் வெயிலில் ஓடி என்ன பயன்? இது எங்கள் அணியே இல்லை.

கோபம் விளங்குகிறது. ஆனால் கடைசி வசனத்தை ஏற்கமாட்டேன். விதி தெளிவு: அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், வெளியில் பிறந்தவர் என்றால் பெற்றவரோ பாட்டனோ பாட்டியோ இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் இங்கே சில வருடம் வாழ்ந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் பிறந்த கிளாவ்டியோ கம்மர்க்னெக்ட், சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் போன்றவர்கள் பெற்றவர் வழியில்தான் வந்தார்கள்.

ரொறன்ரோ, சொந்த இடம் முள்ளியவளை: நாங்கள் விரும்பியா வெளியில் போனோம்? என் மகன் இலங்கைக்கு விளையாட ஆசைப்பட்டால் அவன் அந்நியனா?

மன்னார், அதே தம்பி: அந்நியன் என்று சொல்லவில்லை அண்ணை. உங்கள் மகனுக்குப் புல் மைதானம், பயிற்றுநர், வைத்தியர் எல்லாம் இருந்தது. என் தம்பிக்கு ஒரு பந்து. இரண்டு பேரையும் ஒரே தெரிவில் நிறுத்தினால் யார் வருவார்?

ரொறன்ரோ: அதற்கு என் மகன் என்ன செய்வான்?

இரண்டு பேரும் சரியான இடத்தில்தான் நிற்கிறீர்கள், ஆனால் ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சத்தம் போடுகிறீர்கள். கம்போடியாவை வென்ற அணியில் வெளியில் பிறந்தவர்கள் இல்லாவிட்டால் நாங்கள் அந்தப் பிரிவுக்குள் போயிருக்கமாட்டோம் என்பது என் எண்ணம். அதே நேரம் தம்பி கேட்டது நியாயம். மன்னார் எப்படிப்பட்ட மண் என்று எனக்குத் தெரியும். டக்சன் பியூஸ்லஸ் பனங்கட்டுக்கொட்டிலிருந்து தேசிய அணிக்குப் போனவர், மாலைதீவுக் கழகத்துக்கும் விளையாடினார், 2022இல் அங்கேயே அவரை இழந்தோம். அவரைப் பார்த்துப் பந்து தொட்ட பிள்ளைகள் இன்றைக்கு உங்கள் லீக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த படி எங்கே? 17 வயதுக்குப் பிறகு வருடத்துக்கு 30 ஆட்டம் எங்கே? அதைக் கேளுங்கள், கம்மர்க்னெக்டிடம் கேட்காமல் லீக்கை நடத்துபவர்களிடம் கேளுங்கள்.

முள்ளியவளை அண்ணைக்கு ஒரு வேண்டுகோள். மகன் வரட்டும், சந்தோசம். வரும்போது ஒரு கிழமை முள்ளியவளையில் நின்று பிள்ளைகளோடு பழகட்டும். மகனின் குடியுரிமைப் பத்திரங்களை இப்போதே தொடங்குங்கள், உங்கள் பிறப்புச் சான்றிதழ் உட்பட. பெயர் எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள்.

மன்னார்: சரி அண்ணை. லீக்கைக் கேட்கிறேன்.

செட்டிகுளம்: தெரிவுக்குக் கூட்டிப்போவதாக ஒருவர் காசு கேட்கிறார், வயதைக் குறைத்து எழுதினால் 17க்கு உட்பட்ட அணியில் இடம் நிச்சயமாம்.

கொடுக்காதீர்கள். தெரிவுக்குக் காசு இல்லை. வயதையும் தொடாதீர்கள்: ஆண்களின் 17 வயதுப் போட்டிகளில் மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கிறார்கள், எலும்பு பொய் சொல்லாது. பிடிபட்டால் போவது உங்கள் பிள்ளையின் பெயர், அந்த ஆளின் பெயர் இல்லை.

விசுவமடு: தேசிய அணிக்கு எப்படி...

மேலே இருக்கிறது.

மடு, அம்மா ஒருவர்: மகளுக்கு 11 வயது. ஊரில் பெண்பிள்ளைகள் அணி இல்லை, பெடியங்களோடு விளையாடுகிறாள். ஆட்கள் கதைக்கினம். நிறுத்தவா?

நிறுத்தாதீர்கள் அம்மா. இந்த வயதில் பெடியங்களோடு விளையாடுவது அவளுக்கு நல்லது, வேகமும் உடம்பை வைத்துப் பந்தைக் காப்பதும் வரும். அதோடு அவளின் வகுப்பில் இன்னும் நான்கு பேரைச் சேர்க்கப் பாருங்கள். ஐந்து பேர் இருந்தால் சின்ன மைதானத்தில் ஒரு அணி. எதிரணிக்கு நான் கிளிநொச்சியிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், பஸ் காசு எங்கள் பொறுப்பு. வெயில் தாழ்ந்து நாலரைக்குப் பிறகு வைப்போம். பந்து வாங்குவதென்றால் நான்காம் இலக்கம் வாங்குங்கள், ஐந்து அவளுக்குப் பாரம்.