பழைய இசைப் பிரதிகளைப் பட்டியலிடுதல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உள்ளூர் ஆவணக் காப்பகம் ஒன்றில், நெடுங்காலமாகத் திறக்கப்படாத பெட்டி நிறையக் கையால் எழுதிய இசைத்தாள்கள் இருக்கின்றன. அவற்றைப் பட்டியலிட எனக்கு அனுமதி கிடைத்துள்ளது. ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியும். இசை வரலாற்றில் பட்டம் எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர் கையில் அந்தப் பெட்டி கிடைத்திருப்பது மகிழ்ச்சியான செய்தி. தொடக்கத்தில் எந்தப் படைப்பையும் அடையாளம் காண முயல வேண்டாம். தாள்கள் எந்த வரிசையில் இருக்கின்றன, எவை ஒரே கட்டாகக் கட்டப்பட்டுள்ளன, எந்தக் கட்டின்மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை, ஒன்றையும் இடம் மாற்றாமல் எழுதி வையுங்கள். வரிசை குலைந்திருப்பதாகத் தோன்றினாலும் தொடக்கூடாது. இரண்டாம் வயலினுக்குரிய தாள் வேறொரு பாடலின் நடுவே கிடந்தால், அவ்விரண்டும் ஒரே நாளில் ஒரே குழுவால் வாசிக்கப்பட்டிருக்கலாம். நீங்கள் ஒழுங்குபடுத்திய கணத்தில் அந்தத் தடயம் அழிந்துவிடும்.

அதன்பின் ஒவ்வொரு பிரதிக்கும் தாள்களின் எண்ணிக்கை, நீள அகலம், ஒரு பக்கத்தில் எத்தனை ஐங்கோட்டு வரிசைகள், எல்லாக் குரல்களும் வாத்தியங்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதப்பட்ட முழுப் பிரதியா அல்லது வாத்தியத்துக்கொன்றாகப் பிரித்து எழுதிய பிரதிகளா, பிந்தையது எனில் எந்தெந்த வாத்தியத்தின் தாள் குறைகிறது ஆகியவற்றைக் குறியுங்கள். பென்சில் மட்டுமே பயன்படுத்துங்கள். மேசைமேல் மைப்பேனா இருக்கவே கூடாது.

கேள்வி: சில பிரதிகளின் முகப்பில் புகழ்பெற்ற இசையமைப்பாளரின் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதை அப்படியே பதிவு செய்யலாமா?

பதில்: பதிவு செய்யுங்கள், நம்பிவிடாதீர்கள். ஒரு பிரதியில் இருக்கும் விவரங்களிலேயே மிகுந்த ஐயத்துக்குரியது முகப்பிலுள்ள பெயர்தான் என்பது என் உறுதியான கருத்து. 18ஆம் நூற்றாண்டின் பிரதியாளர்களும் வணிகர்களும் விற்பனைக்கு உதவும் பெயரைத் தயங்காமல் எழுதினார்கள். பெயரில்லாத பிரதிகளுக்குப் பின்னால் வந்தவர்கள் தமக்குத் தோன்றிய பெயரைச் சேர்த்தார்கள்.

இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. 1740இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஆறு கான்செர்ட்டோக்கள் (வாத்தியக் குழுவுக்கான படைப்புகள்) ஆசிரியர் பெயரின்றி அச்சாயின. பிற்காலத்தில் அவை இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கொலேசியின் பெயரில் வழங்கி, அந்த நம்பிக்கையிலேயே ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி அவற்றிலிருந்து ஒரு பகுதியைத் தம் 'புல்சினெல்லா' என்ற பாலே நாட்டியத்தின் இசையில் எடுத்தாண்டார். நெதர்லாந்தின் ட்விக்கெல் மாளிகையில் இருந்த கையெழுத்துப் பிரதியையும் அதனுடன் இருந்த முன்னுரையையும் கொண்டு, அவை ஊனிக்கோ வில்லெம் வான் வாசெனார் என்ற பிரபுவின் படைப்புகள் என்று இசை ஆய்வாளர் ஆல்பர்ட் டன்னிங் 1980ஆம் ஆண்டளவில் நிறுவினார். பெரிய தேசிய நூலகத்தில் அல்ல, ஒரு குடும்பத்தின் மாளிகையில் விடை இருந்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆகவே உங்கள் பட்டியலில் இரண்டு இடங்கள் வேண்டும்: தாளில் எழுதியுள்ள பெயருக்கு, அதன் எழுத்துப்பிழையோடும் சுருக்கத்தோடும் ஓரிடம், ஆய்வின்பின் நீங்கள் முடிவு செய்யும் பெயருக்கு இன்னோரிடம். இரண்டாவதை வெற்றிடமாக விடுவதில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: ஒவ்வொரு படைப்பின் தொடக்கச் சுவரங்களையும் பட்டியலில் எழுத வேண்டும் என்கிறார்கள். தலைப்பும் ஆசிரியர் பெயரும் போதாதா? நூற்றுக்கணக்கான தாள்களுக்கு இது பெருஞ்சுமை அல்லவா?

பதில்: சுமைதான். ஆனால் இந்தச் சுமையைத் தவிர்த்த பட்டியல் பெட்டிக்கு ஒட்டிய சீட்டாக மட்டுமே இருக்கும். 'சி மேஜர் சிம்ஃபனி' என்ற தலைப்பில் எண்ணற்ற படைப்புகள் உண்டு; அவற்றுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது தொடக்கச் சுவரங்கள்தான்.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1765ஆம் ஆண்டளவில் தம் படைப்புகளுக்கான ஒரு வரைவுப் பட்டியலைத் தொடங்கினார். அதில் படைப்புகளின் தொடக்கச் சுவரங்களையும் எழுதி வைத்தார். செல்லோவுக்கான அவருடைய சி மேஜர் கான்செர்ட்டோ நெடுங்காலம் தொலைந்துபோயிருந்தது. அதன் தொடக்க அடி மட்டும் அந்தப் பட்டியலில் எஞ்சியிருந்தது. 1961இல், பிராக் தேசிய அருங்காட்சியகத்துக்கு ராதெனின் மாளிகையிலிருந்து வந்து சேர்ந்திருந்த தொகுப்பில், ஓல்ட்ரிச் புல்கெர்ட் அதன் வாத்தியப் பிரதிகளைக் கண்டெடுத்தார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்தச் சில சுவரங்கள் இல்லாதிருந்தால், கிடைத்தது அதே படைப்புத்தான் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. இன்று உலகெங்கும் செல்லோ வாசிப்பவர்கள் பயிலும் படைப்பு அது.

எழுதும் முறையும் கடினமன்று. 1964இல் வெளியிடப்பட்ட 'பிளெய்ன் அண்டு ஈஸி' என்ற குறியீட்டு முறையில், சுவரத்தின் பெயருக்கு எழுத்தும், கால அளவுக்கு எண்ணும், ஸ்தாயிக்கு மேற்குறியும் காற்புள்ளியும் பயன்படுகின்றன. சாதாரண விசைப்பலகையிலேயே ஓர் அடியைத் தட்டிவிடலாம். 1952இல் பாரிசில் நிறுவப்பட்ட 'ரிஸ்ம்' என்னும் பன்னாட்டு இசை மூலப் பட்டியல் இந்த முறையைத்தான் கையாள்கிறது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பதிவுகள் கொண்ட அதில் கட்டணமின்றித் தேடலாம். உங்கள் பெட்டியிலுள்ள பெயரற்ற பிரதியின் தொடக்கச் சுவரங்களை அதில் இட்டுத் தேடும்போது, தொலைவிலுள்ள ஒரு மடாலயத்தில் அதே படைப்பு ஆசிரியர் பெயருடன் இருப்பது தெரியவரலாம். ஒரு படைப்பில் பல பகுதிகள் இருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் தனியே எழுத வேண்டும். பாடலெனில் பாட்டு வரியின் முதற்சொற்களையும் சேர்க்க வேண்டும்.

கேள்வி: தேதியே இல்லாத பிரதிகளின் காலத்தை எப்படிக் கணிப்பது?

பதில்: காகிதம், கோடு, எழுதியவரின் கையெழுத்து என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கையால் செய்த காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே வைத்தால், அதை வார்த்த சல்லடையில் கட்டியிருந்த கம்பி உருவம் வாட்டர்மார்க்காகத் தெரியும். சல்லடைகள் இரண்டிரண்டாகச் செய்யப்பட்டன. பயன்படப் பயன்பட அவற்றின் கம்பி வளைந்து நகர்ந்தது. அதனால் ஒரே சின்னத்தின் சிறு வேறுபாடுகளைக்கொண்டு காகிதத்தின் காலத்தைச் சில ஆண்டுகளுக்குள் நெருங்க முடிகிறது. ஐங்கோடுகள் பெரும்பாலும் ஐந்து முனை கொண்ட பேனாவால் ஒரே இழுப்பில் போடப்பட்டவை. முனைகளின் இடைவெளி பேனாவுக்குப் பேனா மாறுமாதலால், அந்த அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து குறித்தால், ஒரே பட்டறையின் தாள்கள் தாமாகவே ஒன்றுசேரும். கையெழுத்தைப் பொறுத்தவரை, வரிசையின் தொடக்கத்தில் சுவர நிலையைக் காட்டும் கிளெஃப் குறியின் வளைவும், ஓய்வுக் குறியின் சாய்வும், இறுதிக் கோட்டின் முடிப்பும் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். பெயர் தெரியாத பிரதியாளருக்கு 'பிரதியாளர் அ' என்று தற்காலிகப் பெயர் வைத்துக்கொண்டு, அவர் கை தென்படும் இடங்களையெல்லாம் குறித்து வாருங்கள்.

இந்த முறையின் வலிமையை இசை ஆய்வாளர்களான ஆல்ஃப்ரெட் டூரும் கியோர்க் ஃபான் டாடெல்சனும் 1950களில் காட்டினார்கள். ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக் லைப்சிக் நகரில் இயற்றிய கன்டாட்டாக்கள் (தேவாலய வழிபாட்டுக்கான பாடற்படைப்புகள்) நீண்ட காலத்தில் பரவலாக எழுந்தவை என்று அதுவரை கருதப்பட்டது. வாட்டர்மார்க்கையும் பிரதியாளர் கைகளையும் ஆராய்ந்த இவ்விருவரும், அவற்றுள் மிகப் பெரும்பான்மை 1723இல் அவர் அங்கே பொறுப்பேற்றதை அடுத்த சில ஆண்டுகளிலேயே எழுதப்பட்டவை என்று நிறுவினார்கள். ஓர் எச்சரிக்கை: காகிதத்தின் காலம் பிரதியின் காலத்துக்கு முன்னெல்லை மட்டுமே, அதாவது பிரதி அதற்கு முன் எழுதப்பட்டிருக்க முடியாது; இசையோ அதற்கு மிக முன்பே இயற்றப்பட்டிருக்கலாம்.

மாசிக்காயும் இரும்பு உப்பும் சேர்ந்த பழைய மை காகிதத்தை அரிக்கும். சுவரக் குறிகளின் தலைப்புள்ளிகள் இருந்த இடத்தில் ஓட்டைகள் தெரிந்தால், அந்தத் தாளைப் புரட்டாமல் காப்பகத்தில் தாள்களைச் செப்பனிட்டுப் பேணும் பணியாளரிடம் ஒப்படையுங்கள்.

கேள்வி: ஸரிகம எழுத்துகளில் எழுதிய கீர்த்தனை நோட்டுப்புத்தகங்களுக்கும் இதே முறை பொருந்துமா?

பதில்: அடிப்படை அதுவே; விவரங்கள் மாறும். பல்லவி, அனுபல்லவி, சரணம் ஒவ்வொன்றின் தொடக்கத்தையும், சாகித்தியத்தையும் சுவரத்தையும் சேர்த்து எழுத வேண்டும். ஸ்தாயிப் புள்ளிகள் விடுபட்டிருந்தால் நீங்கள் இட்டு நிரப்பக்கூடாது. ராகப் பெயரைச் சுவடியில் உள்ளபடியே எழுதி, இன்றைய பெயரை வேறிடத்தில் தாருங்கள். முத்துசுவாமி தீட்சிதர் பரம்பரையில் 65ஆவது மேளத்தின் (தாய் ராகத்தின்) பெயர் சாந்தகல்யாணி. இன்றைய வழக்கில் மேசகல்யாணி. அந்தப் பெயரை நீங்கள் திருத்திவிட்டால், எழுதியவர் எந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர் என்ற தடயம் போய்விடும். மதுரை சௌராஷ்டிர சபையிலுள்ள வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் வழிவந்த சுவடிகளை ஆய்வாளர்கள் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம், அவர் தியாகராஜரின் நேரடிச் சீடர் என்பதுதான். எனவே நோட்டுப்புத்தகத்தின் உரிமையாளர் பெயர், குருவின் பெயர், ஓரங்களில் எழுதிய கணக்கு, முகவரி எதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: முடித்த பட்டியலைப் படங்களுடன் வெளியிடலாமா?

பதில்: காப்பகத்தின் எழுத்துப்பூர்வமான இசைவு இன்றிப் படங்களை வெளியிட வேண்டாம், கொடையளித்த குடும்பம் நிபந்தனை விதித்திருக்கலாம், அச்சேறாத படைப்புக்குப் பதிப்புரிமையும் இருக்கலாம். பட்டியலின் ஒரு நகல் காப்பகத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு பதிவிலும் காப்பகத்தின் பெயர், ஊர், அவர்கள் இட்ட எண் ஆகியவற்றுடன், நீங்கள் தாளை நேரில் பார்த்து எழுதினீர்களா, படத்தைப் பார்த்து எழுதினீர்களா என்பதையும் எழுதிய தேதியையும் சேர்த்துவிடுங்கள்.