கிணற்றடியில் 7, ஆய்வகத்தில் 8.2: வாசகர் கேள்வி-பதில்

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் பிஎச்சை எடுத்த இடத்திலேயே அளந்தபோது 7.0. மறுநாள் ஆய்வகத்தில் 8.2. காரத்தன்மை (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) மட்டும் இரண்டு தடவையும், கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 200 மி.கி. மீட்டர் கோளாறா?
(எம்.எஸ்சி. மாணவி, திருச்சி)

மீட்டர் மேல் பழி போடாதீர்கள். மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கார்பன் டை ஆக்சைடு நிலத்தடி நீரில் ஏராளமாகக் கரைந்திருக்கும். எவ்வளவு என்று கணக்கே சொல்லிவிடும். 200-ஐ கால்சியம் கார்பனேட்டின் சமான எடையான 50-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 4 மில்லி ஈக்விவலன்ட் (மின்சுமைக் கணக்கில் அளவு). பிஎச் 7-இல் அது அனேகமாக முழுவதும் பைகார்பனேட்தான். கார்பானிக் அமிலத்தின் முதல் பிகே (வாயுவும் பைகார்பனேட்டும் சமமாக இருக்கும் பிஎச்) 6.35, எனவே பைகார்பனேட் கரைந்த வாயுவைப்போல் 4.5 மடங்கு இருக்கும். அதாவது வாயு 0.9 மில்லிமோல். இன்றைய காற்றோடு சமநிலையில் நிற்கும் தண்ணீரில் இருப்பதோ 0.014 மில்லிமோல்தான். அறுபது மடங்கு மிகை! பாட்டிலைத் திறந்து வைத்தால் அந்த வாயு ஓடிவிடும், அமிலத்தன்மை குறைந்து பிஎச் ஏறும். உங்கள் தண்ணீர் முழுச் சமநிலைக்கு வந்தால் சுமார் 8.8 காட்டும்; 8.2 என்பது அந்த வழியில் ஒரு கட்டம்.

காரத்தன்மை ஏன் மாறவில்லை? அது பைகார்பனேட், இரு மடங்கு கார்பனேட், ஹைட்ராக்சைடு மூன்றையும் கூட்டி, ஹைட்ரஜன் அயனியைக் கழித்த தொகை. மின்சுமையற்ற கார்பன் டை ஆக்சைடு வந்தாலும் போனாலும் அந்தத் தொகை அசையாது. இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கால்சியக் கடினத்தன்மையும் 200 என்றால், பிஎச் 8.2-இல் கால்சியம், கார்பனேட் செறிவுகளின் பெருக்கம் கால்சைட்டின் (படிகக் கால்சியம் கார்பனேட்) கரைதிறன் பெருக்கத்தைப், அதாவது கரைசல் தாங்கும் எல்லையைப் (10⁻⁸·⁴⁸) பத்து மடங்குக்கு மேல் தாண்டிவிடும். பாட்டில் சுவரில் வெள்ளைப் படிவு தெரிந்தால் காரத்தன்மையும் இறங்கியிருக்கும்: ஒரு மில்லிமோல் கால்சைட் படிந்தால் 2 மில்லி ஈக்விவலன்ட் போச்சு. அதனால் காற்றுக்குமிழி இல்லாமல் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள், குளிரில் வையுங்கள், பிஎச்சை மட்டும் எடுத்த இடத்திலேயே அளந்துவிடுங்கள்.

காரத்தன்மையை அளக்க அமிலம் சொட்டுச் சொட்டாக விடும் டைட்ரேஷனில், பினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டியைப் போட்டால் இளஞ்சிவப்பே வருவதில்லை. பிறகு ஏன் பிஎச் 4.5 வரை அமிலம் விடுகிறோம்? 7-இல் நிறுத்தினால் என்ன?
(பி.எஸ்சி. மாணவர், மதுரை)

நிறம் வராதது பிழையல்ல, பிஎச் 8.3-க்குக் கீழே இருக்கிறது என்று பொருள். 7-இல் நிறுத்தினால் பைகார்பனேட்டின் பெரும்பகுதி அப்படியே மிஞ்சும். எல்லாம் கார்பானிக் அமிலமான பிறகு, அந்தக் கரைசலின் சொந்த பிஎச்சே 4.4 பக்கம். முடிவுப்புள்ளி அங்கே விழுவது அதனால்தான். 100 மி.லி. மாதிரிக்கு 0.02 நார்மல் கந்தக அமிலம் விட்டால், பியூரெட்டில் இறங்கும் ஒவ்வொரு மி.லி.யும் லிட்டருக்கு 10 மி.கி. கால்சியம் கார்பனேட்.

சமநிலைக் கணக்கில் தெரியாத செறிவுகள் குவிகின்றன. எங்கே தொடங்குவது?
(எம்.டெக். மாணவர், கோவை)

அமைப்பு காற்றோடு வாயுவைப் பரிமாறிக்கொள்ளும் திறந்ததா, பரிமாறாத மூடியதா என்று முதலில் முடிவு செய்யுங்கள். மூடியதில் மொத்தக் கார்பன் மாறாது; திறந்ததில் கரைந்த வாயுவின் செறிவு மாறாது. இரண்டையும் ஒரே கணக்கில் நிலையாக வைப்பதுதான் விடைத்தாள்களில் அடிக்கடி வரும் தவறு.

மழைநீரை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்தது. தெரியாதவை ஐந்து: ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு, கரைந்த வாயு, பைகார்பனேட், கார்பனேட். சமன்பாடுகளும் ஐந்து: ஹென்றி விதி (காற்றில் உள்ள வாயுவின் அழுத்தத்துக்கு ஏற்ப அது நீரில் கரையும்), இரண்டு அமில மாறிலிகள், நீரின் அயனிப் பெருக்கம், மின்சுமைச் சமன் (நேர், எதிர் மின்சுமைகள் சமம்). கடைசியானதைத்தான் பலர் மறந்துவிட்டுத் திண்டாடுகிறார்கள். கரைசல் அமிலத்தன்மை உள்ளது என்பதால் ஹைட்ராக்சைடையும் கார்பனேட்டையும் விட்டுவிட்டால், ஹைட்ரஜனின் வர்க்கம் = 10⁻⁶·³⁵ × 1.4×10⁻⁵. பிஎச் 5.6. விட்டதை அப்படியே விடாமல் திரும்பப் பொருத்திப் பாருங்கள்: ஹைட்ராக்சைடு 4×10⁻⁹, கார்பனேட் 5×10⁻¹¹, வைத்துக்கொண்ட பைகார்பனேட்டோ 2.5×10⁻⁶. இங்கே விட்டது சரி. விட்டது வைத்ததில் 5 சதவீதத்தைத் தாண்டினால், அதைச் சேர்த்து மறுபடி தீர்க்க வேண்டும்.