"இதுல நிக்கிறது யாரு?" பழைய படங்களை வைத்து உறவினரிடம் கதை வாங்குவது: கேள்வி பதில்

கே: பாட்டி வீட்டு ஆல்பத்திலிருந்து 40 படங்களை ஒரே ராத்திரியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கும்பிடும் கையும் ஹார்ட்டும்தான் வந்தன.

ப: 40 படம் போட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இரண்டு நாளுக்கு ஒன்று போதும். அனுப்பும் முன் ஒவ்வொரு தலைக்கு மேலும் 1, 2, 3 என்று எண் போடுங்கள். "3-ஆவது பெரியம்மாவா, அத்தையா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். ஆளைவிடப் பொருளைக் கேட்டால் பேச்சு இன்னும் நீளும்: அந்த ரேடியோ யார் வாங்கியது, திண்ணையை எப்போது இடித்தார்கள். ஒரு பெயரைத் தப்பாகப் போட்டால் திருத்த நாலு பேர் ஓடி வருவார்கள். குறும்புதான், ஆனால் பலிக்கும். சரியான பெயர் கிடைத்ததும் குழுவிலேயே திருத்திவிடுங்கள். விட்டால் தப்பே நிலைத்துவிடும்.

கே: மாமாவுக்கு டைப் அடிக்க வராது, வாய்ஸ் மெசேஜ்தான்.

ப: அதைவிட நல்லது எது? பேசத் தொடங்கும்போதே "படம் 12" என்று சொல்லச் சொல்லுங்கள். படத்துக்கு ரிப்ளையாக அனுப்பினாலும், சாட்டை எக்ஸ்போர்ட் செய்தால் எது எதற்கான பதில் என்பது தெரியாமல் போகும். அன்றன்றே கேட்டு இரண்டு வரி எழுதி, கோப்புக்கு "012-மாமா" என்று பெயர் மாற்றிப் போனுக்கு வெளியிலும் ஒரு பிரதி வையுங்கள்.

கே: அம்மாவிடம் வருஷம் கேட்டால் "புயலுக்கு அப்புறம்" என்கிறார்.

ப: வருஷத்தைத்தான் சொல்கிறார். ராமேஸ்வரம் பக்கம் என்றால் பெரும்பாலும் 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயல். "அப்போ அண்ணன் கைக்குழந்தையா, நடந்தானா?" என்று அங்கிருந்து நகருங்கள். கல்யாணப் பத்திரிகை இருந்தால் இன்னும் உறுதி. தமிழ் ஆண்டுப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். மன்மத என்றால் 1955, அல்லது 1895. அதே மன்மத ஆண்டில் தை, மாசி, பங்குனி முகூர்த்தம் என்றால் 1956 ஆகிவிடும். பலர் சறுக்குவது இங்கேதான். அச்சிட்ட முகவரியில் 6 இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது.

கே: இன்ஸ்டாகிராம் சரிப்படுமா?

ப: பேரன் பேத்திகளை இழுக்க உதவும். தனிக் கணக்கு, அதுவும் பிரைவேட். ஸ்டோரியில் கேள்வி ஸ்டிக்கர் வையுங்கள். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் ஹைலைட்டில் சேர்த்து, பதில்களை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி வேண்டாம்.

கே: தாத்தா படம் சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. எடுத்துவிடலாமா?

ப: உரிக்கவே கூடாது, முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஃபிளாஷை அணைத்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து, உங்கள் பிம்பம் விழாமல் கறுப்புத் துணியைப் பிடித்துக் கண்ணாடியோடே போட்டோ எடுங்கள். ஒட்டாத படங்களை ஸ்கேனரில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து, பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரிந்துவிடும். உறவினர் அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி அந்த முத்திரை எழுத்தே படிக்க வராது.