பவர் ஸ்டேரிங்கா, மெனுவலா? ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி பதில்

இன்றைக்கு ஸ்டேரிங் மட்டும். பவர் என்றால் பம்போ மோட்டரோ கைக்கு உதவுற ஸ்டேரிங், மெனுவல் என்றால் உதவியில்லாமல் கைப்பலத்தில் மட்டும் திரும்புறது. இலேசான உடம்பு, இரண்டு கதவு, ஓட்டுறதுக்கென்றே வாங்கின வண்டிகளைப் பற்றிக் கேளுங்க. கேட்க முன்னம் ஒரு வேலை இருக்கு. முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, ஸ்டேண்டில் இருத்தி, சில்லை மூன்று மணி, ஒன்பது மணி இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்க. 'டக்' என்று ஆட்டம் இருந்தால் டை ரொட் என்ட், அதாவது சில்லைத் திருப்புற கம்பியின் முனை, தேய்ஞ்சிருக்கு. பன்னிரண்டு, ஆறு இடத்தில் பிடிக்க ஆடினால் போல் ஜொயின்ட், இல்லாட்டி பேரிங். அந்த ஆட்டம் இருக்கிற வண்டியில் பவரா மெனுவலா என்று பேசி வேலையில்லை.

கல்லடி: அண்ணன், முதல் தலைமுறை மஸ்டா ரோட்ஸ்டர் ரெண்டு பார்த்திருக்கன். ஒண்டு பவர், மற்றது மெனுவல். விலை ஒண்டுதான். எதை எடுக்க?

பதில்: 1989இல் வந்த அந்த வண்டியின் நிறை ஒரு டன்னுக்குக் கீழே. பாரம் முன்னும் பின்னும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. அதாவது முன் சில்லு இரண்டிலும் சேர்த்து 500 கிலோ அளவுதான். அதனால்தான் கொம்பனியே மெனுவல் ரக் (ஸ்டேரிங் சுற்றுறதைச் சில்லுக்குக் கொண்டுபோற பல் வைத்த தண்டு) போட்டு விற்க முடிந்தது.

ஆனால் இரண்டு ரக்கும் ஒன்றல்ல. மெனுவலின் விகிதம் ஏறத்தாழ 18க்கு 1, அதாவது ஸ்டேரிங் 18 பாகை சுற்றினால் சில்லு 1 பாகை திரும்பும். ஸ்டேரிங் முழுக்கத் திரும்பி நிற்கிற ஒரு முட்டிலிருந்து மற்ற முட்டுக்கு 3.3 சுற்றுச் சொச்சம். பவரில் 15க்கு 1, 2.8 சுற்று. சில்லு அதே அளவு திரும்புறதுக்கு மெனுவலில் கை ஐந்தில் ஒரு பங்கு கூடச் சுற்ற வேணும். மெனுவல் என்றால் கெதியானது என்று நினைக்கிறவங்க பிழை விடுற இடம் இதுதான். மழை றோட்டில் பின்பக்கம் விலகி, எதிர்ப்பக்கம் கிறுக்கிப் பிடிக்க வேண்டி வந்தால் பவர் ரக்தான் கெதி. மெனுவலில் கிடைக்கிறது உணர்வு, வேகம் இல்லை.

இனி உங்கட றோட்டைப் பாருங்க. செங்கலடியால ஏறி மகாஓயா, பிபிலை, பதுளை, இல்லாட்டி மகியங்கனைப் பதினெட்டு வளைவு என்று வாரக்கடைசி ஓட்டம்தான் என்றால் மெனுவல் சுகம். வண்டி நன்றாக உருளத் தொடங்கினதும் பாரம் தானாகக் குறைஞ்சிரும், கொண்டை ஊசி வளைவில் மட்டும் தோள் வேலை செய்ய வேணும். ஒவ்வொரு நாளும் டவுனுக்குள்ள ஓடி, கடைத்தெருவில் இரண்டு வானுக்கு இடையில் பின்னுக்குப் போட்டு நிறுத்துறது என்றால் பவர்.

விலை ஒன்றாக இருக்கிறபடியால் கடைசி முடிவைத் துருவிடம் விடுங்க. கடற்கரையில் கிடந்த பவர் வண்டியில் ரக்குக்குப் போற இரும்புப் பைப்பை உப்புக் காற்று முதலில் தின்னும். பைப்பைப் பிடிக்கிற கிளிப்புக்குக் கீழே பாருங்க, அழுகல் அங்கதான் தொடங்கும்.

காத்தான்குடி: நானா, பவர் வண்டியை எடுத்து பெல்ட்டைக் கழட்டிட்டா அது மெனுவல்தானே?

பதில்: இல்லை தம்பி. மெனுவலாகப் பிறந்த வண்டி வேற, பம்ப் பறிகொடுத்த பவர் வண்டி வேற. பின்னது கட்டாயம் கூடப் பாரமாக இருக்கும்.

முதலாவது காரணம் மேலே சொன்ன விகிதம். 15க்கு 1 ரக்கை உதவியில்லாமல் கிறுக்குறது, கியரைக் குறைக்காமல் மேட்டில் சைக்கிள் மிதிக்கிற மாதிரி. அடுத்தது ஒயில். பவர் ரக்கின் தண்டில் ஒரு பிஸ்டன் இருக்கு. பம்ப் நின்றாலும் நீங்க கிறுக்கக் கிறுக்க அது ஒயிலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ள வேணும், அந்தத் தள்ளு முழுக்க உங்கட கையில். இன்னொன்று டோர்ஷன் பார். ரக்கைத் தள்ளுற பினியன் என்ற பல்சில்லுக்கு மேலே உள்ள அந்த மெல்லிய கம்பி முறுகினால்தான் வால்வு ஒயிலை ஒரு பக்கம் திருப்பும். உதவி இல்லாதபோது கம்பி முதலில் முறுகி, முட்டில் இடித்து, மறுகாதான் சில்லு திரும்பும். நடுவில் ரப்பர் மாதிரி ஒரு சோம்பல் தெரியும்.

ரோட்ஸ்டரில் பவர் பம்பும் ஏசி கொம்பிரசரும் ஒரே பெல்ட்டில். பெல்ட்டைக் கழட்டினால் ஏசியும் போச்சு. சித்திரை வெயிலில் கூரை மூடின ரோட்ஸ்டருக்குள்ள ஏசி இல்லாமல் ஒரு மணித்தியாலம் இருந்து பார்த்திட்டு முடிவெடுங்க.

அம்பாறை டவுன்: பம்ப் போயிட்டு. புதுசு கிடைக்கல. முறையா மெனுவலாக்கிறதுக்கு என்ன செய்ய?

பதில்: முதல் தெரிவு, அதே மொடலின் மெனுவல் ரக் ஒன்றைத் தேடிப் போடுறது. கிளாம்ப் ரப்பரின் அளவும், ஸ்டேரிங் தண்டின் கீழ் ஜொயின்ட்டில் பல் எண்ணிக்கையும் பொருந்துதா என்று கையில் வைத்துப் பார்த்திட்டுக் காசைக் கொடுங்க.

கிடைக்காட்டி உங்கட ரக்கையே திறக்க வேணும். ஒயிலை வடித்து ரக்கை இறக்குங்க. இரண்டு பக்க ரப்பர் உறையையும் (பூட்) உள் டை ரொட்டையும் கழட்டித் தண்டை வெளியில் எடுங்க. நடுவில் உள்ள பிஸ்டனைச் சுற்றி ஒரு டெஃப்லொன் சீல் இருக்கும், அதை வெட்டி எடுங்க. இனிப் பிஸ்டன் சிலிண்டர் சுவரை உரசாது, காற்றும் சுற்றிப் போகும். தண்டைத் தாங்குற புஷ்ஷில் கை வைக்காதீங்க, அது போனால் தண்டு ஆடும். பழைய ஒயிலை நன்றாகக் கழுவி, பல் முழுக்கவும் தண்டு முழுக்கவும் லிதியம் கிரீஸ் பூசுங்க. முன்னம் ஒயில் செய்த வேலையை இனி அந்தக் கிரீஸ்தான் செய்யப் போகுது, கஞ்சத்தனம் வேண்டாம். பைப் வந்த ஓட்டைகளைத் திருகாணி போட்டு அடையுங்க. இரண்டு பூட்டையும் இணைக்கிற காற்றுக் குழாய் இருந்தால் அதை மட்டும் விட்டுவைங்க, இல்லாட்டி ஒரு பூட் ஊதி மற்றது சப்பும். பூட் கிழிஞ்ச ரக்குக்குள்ள மார்கழி வெள்ளம் போனால் ஒரு மாரியிலேயே பல்லில் துரு.

பிறகு தண்டைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கிற யோக் நட். வண்டியின் சேவிஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்குங்க. கூடினால் வளைவு முடிஞ்சும் ஸ்டேரிங் தானாக நேருக்கு வராது. குறைஞ்சால் கல் றோட்டில் டக டக என்று அடிக்கும். கடைசியாக வீல் அலைன்மன்ட், அதைத் தவிர்க்க வழியில்லை.

சிலர் டோர்ஷன் பாரின் அந்தச் சோம்பலைப் போக்க பினியனை வெல்டிங் பண்ணுவாங்க. வேண்டாம். சூடு அந்த உருக்கின் பதத்தைக் கெடுக்கும். அது உடைஞ்சால் ஸ்டேரிங் கையில், சில்லு அதன் பாட்டில்.

ஏறாவூர்: என்ட வண்டி டொயோட்டா லெவின். பெல்ட்டை மட்டும் கழட்டி ஓடலாமா?

பதில்: காத்தான்குடித் தம்பிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

ஆரையம்பதி: அண்ணா, என் கணவர் மெனுவல் ரோட்ஸ்டர் எடுத்திருக்கிறார். எனக்கு ஏற்கெனவே தோள் நோவு. நிறுத்தி எடுக்கும்போது கிறுக்கவே முடியவில்லை. ஏதாவது வழி உண்டா?

பதில்: இருக்கு தங்கச்சி. நின்ற இடத்தில் கிறுக்காதீங்க. வண்டி ஒரு சாண் உருளட்டும், உருளும்போதே கிறுக்குங்க. பாதிப் பாரம் அதிலேயே போகும்.

மறுகா டயர் காற்று. அந்த வண்டிக்குக் கொம்பனி சொன்னது 26 பிஎஸ்ஐ. குளிர்ந்த டயரில் பாருங்க, 20க்கு இறங்கியிருந்தால் மெனுவல் ஸ்டேரிங் அம்மிக்கல். டயர் அகலத்தையும் கேளுங்க. கொம்பனி போட்டது 185. அவர் 205 போட்டு, வெளியே தள்ளின ரிம்மும், சின்ன ஸ்டேரிங் வீலும் போட்டிருந்தால் மூன்றும் சேர்ந்துதான் உங்கட தோளில் ஏறுது. 370 மில்லிமீற்றர் வீலைக் கழட்டி 330 போட்டாலே கைப்பாரம் 12 வீதம் கூடும். பழைய வீலைத் திரும்பப் போடச் சொல்லுங்க. அலைன்மன்ட்டில் கேஸ்டரை (சில்லு திரும்புற அச்சு பின்னுக்குச் சாய்ஞ்சிருக்கிற அளவு) ஒரு பாகை குறைத்தாலும் இலேசாகும், ஆனால் ஸ்டேரிங் தானாக நேருக்கு வாறதும் குறையும்.

அளந்து பார்க்க மீன்காரரின் தொங்கு தராசு போதும். கொக்கியை வீலின் விளிம்பில் மாட்டி, விளிம்புக்கு நேராக இழுங்க, சில்லு அசையிற நேரம் எத்தனை கிலோ என்று பாருங்க. நல்ல பவர் ஸ்டேரிங்கில் இன்ஜின் ஓட 3, 4 கிலோவுக்குள் வரும். உங்கட வண்டியில் எவ்வளவு வருதென்று அவருக்கே காட்டுங்க. இவ்வளவும் செய்தும் நோவு குறையாட்டி, அந்த வண்டி உங்களுக்குரியதில்லை, பவர் உள்ளதுக்கு மாறுறதுதான் நியாயம்.

கல்முனை: கிறுக்கும்போது பம்ப் மாடு மாதிரிக் கத்துது.

பதில்: ஒயிலில் நுரை இருக்கா? இருந்தால் காற்று. முன் சில்லைத் தூக்கி, இன்ஜினைப் போடாமல், முட்டிலிருந்து முட்டுக்கு மெதுவாக 15, 20 தடவை கிறுக்குங்க. இடையிடையே ஒயில் மட்டத்தை நிரப்புங்க. குமிழி நின்ற பிறகு இன்ஜினைப் போட்டு, வெறும் ஓட்டத்தில் இன்னும் பத்துத் தடவை. முட்டில் ஐந்து செக்கனுக்கு மேல் பிடித்து வைக்காதீங்க, அந்த நேரம் பம்ப் முழு அழுத்தத்தில் தன் ஒயிலையே வேக வைக்குது. நுரை திரும்ப வந்தால் டேங்கிலிருந்து பம்புக்கு வாற ஹோஸின் கிளிப்பை மாற்றுங்க. ஒழுக்கை நிறுத்துற மருந்து என்று விற்கிறதை ஊற்றவே வேண்டாம், அது சீலை ஊதப் பண்ணும், பிறகு கிழிக்கும்.

சம்மாந்துறை: ஹொண்டா சிவிக்குக்கு கியர் ஒயில் ஊத்தலாமா? ஏடிஎஃப், ஓட்டோ கியருக்கு ஊத்துற ஒயில், எண்டு கராஜில சொல்றாங்க.

பதில்: டொயோட்டாவுக்கும் ரோட்ஸ்டருக்கும் ஏடிஎஃப் சரி. ஹொண்டாவுக்கு ஹொண்டாவின் பவர் ஸ்டேரிங் ஒயில் மட்டும்.

வாழைச்சேனை: வேகன்ஆரில் ஸ்டேரிங் லைட் எரியுது.

பதில்: ஸ்கேனர் உள்ள ஓட்டோ எலக்ட்ரீசியனிடம் போங்க. போக முன்னம் பெட்டரி வோல்டேஜைப் பாருங்க.

அக்கரைப்பற்று: எனக்குக் கேள்வி இல்ல. பவர் போட்ட நாளோட ஸ்போர்ட்ஸ் கார் செத்துப்போச்சு. பம்ப் பத்துக் குதிரைவலுவைத் தின்னுது.

பதில்: நேரே போகும்போது வால்வு திறந்திருக்கு, ஒயில் சும்மா சுற்றி வருது, பம்ப் தின்னுறது சொற்பம். முட்டில் பிடித்தால்தான் கூடத் தின்னும். முட்டில் பிடித்துக்கொண்டு யாரும் ரேஸ் ஓடுறதில்லை. பம்ப், பைப், ஒயில் எல்லாம் கழட்டினாலும் மிச்சம் 10 கிலோவைத் தாண்டாது.

செங்கலடி: அப்ப கரண்ட் மோட்டர் உதவுற ஈபிஎஸ் தான் திறம். ஒயிலும் இல்ல, பெல்ட்டும் இல்ல.

அக்கரைப்பற்று: ஈபிஎஸ் கொம்பியூட்டர் விளையாட்டு தம்பி. றோட்டு கையில தெரியாது.

செங்கலடி: ஈபிஎஸ் போட்ட ஹொண்டா எஸ்2000 ஓடிப் பார்த்திட்டுச் சொல்லுங்க.

பதில்: இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க. உற்பத்தி வண்டியில் ஈபிஎஸ் முதலில் வந்தது 1988இல் சுசுக்கி செர்வோவில், ஒரு குட்டி வண்டி. 1990இல் ஹொண்டா என்எஸ்எக்ஸ் வந்தபோது மெனுவல் கியர் வண்டிக்கு உதவியில்லாத ஸ்டேரிங், ஓட்டோ கியருக்கு ஈபிஎஸ். ஒரே வண்டி, ஒரே கொம்பனி, இரண்டு பதில். போர்ஷ 911க்கு பவர் வந்தது 1989இல், 964 மொடலில். லோட்டஸ் எலீஸுக்கு 1996இலிருந்து கடைசி வரைக்கும் வரவேயில்லை. அது தொடக்கத்தில் முக்கால் டன் அளவான, இன்ஜின் பின்னுக்குள்ள வண்டி. முன்னுக்குப் பாரம் இல்லாட்டி உதவி எதற்கு? பாரம் உள்ள வண்டிக்கு உதவி இல்லாட்டி, கொம்பனி ரக்கின் விகிதத்தை மந்தமாக்கித்தான் அதை ஈடுசெய்யும். சண்டை பிடிக்கிறதென்றால் அதை வைத்துப் பிடியுங்க.

கைக்கு வாற செய்தி பம்பில் பிறக்கிறதில்லை, டயரில் பிறக்குது. வளைவில் டயர் றோட்டைத் தொடுற தடத்தில் பக்க விசை நடுவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி வேலை செய்யும். அந்தத் தூரமும் கேஸ்டரும் சேர்ந்துதான் வீலை நேருக்கு இழுக்குது. பிடி முடியப் போகும்போது அந்தத் தூரம் முதலில் சுருங்கும், டயர் வழுக்க ஒரு கணம் முன்னமே ஸ்டேரிங் இலேசாகும். அதைத்தான் 'றோட்டு பேசுது' என்று சொல்றது. மெனுவலில் அது நேரே வரும். நல்ல ஹைட்ரோலிக்கில் மங்கலாக வரும். ஈபிஎஸ்ஸில் மோட்டர் எங்க இருக்கு, எப்படிச் செட் பண்ணியிருக்கு என்றதில் தங்கியிருக்கு. மெனுவலில் குழியின் அடியும் அப்படியே கைக்கு வரும், கட்டைவிரலை வீலுக்கு உள்ளே கொழுவிப் பிடிக்காதீங்க.

அக்கரைப்பற்று: அதைத்தான் நானும் சொன்னன். மெனுவல்தான் பேசும்.

செங்கலடி: மங்கலா வந்தாலும் வருதே!

பதில்: உங்கட இரண்டு பேரின் முன் டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். அதைச் சொல்லுங்க பார்ப்பம்.

செங்கலடி: 1122.

அக்கரைப்பற்று: 2313.

பதில்: அக்கரைப்பற்று, உங்கட டயர் செய்தது 2013ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. அந்த ரப்பர் பலகையாகிக் கனகாலம். முதலில் டயர் இரண்டையும் மாற்றுங்க, மறுகா வந்து பேசுங்க.

ஒலுவில்: யப்பானில இருந்து ஸ்டார்லட் டர்போ ஒண்டு இறக்கலாமா? பவரா மெனுவலா நல்லது?

பதில்: இறக்குறதைச் சுங்கத்திடமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் கேளுங்க. ஸ்டேரிங் என்றால் பவர். முன் சில்லு இழுக்கிற டர்போ வண்டியில் அமுக்கின உடனே ஸ்டேரிங் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். மெனுவலில் அந்த இழுவை முழுக்க மணிக்கட்டுக்கு.

பொத்துவில்: பெல்ட்டைக் கழட்டினா...

பதில்: இல்லை.

ஆரையம்பதி: அண்ணா, தராசு வைத்துப் பார்த்தோம். வலதுக்கு 11 கிலோ, இடதுக்கு 15. டயர் காற்று 26 தான். இரண்டு பக்கமும் ஏன் வித்தியாசம்?

பதில்: நல்ல வேலை செய்திருக்கிறீங்க. பவர் வண்டி என்றால் வால்வைச் சந்தேகிக்கலாம், மெனுவலில் வால்வே இல்லை. முன்பக்கம் முழுக்கத் தூக்கி, இரண்டு சில்லும் அந்தரத்தில் இருக்க அதே தராசால் இழுங்க. அப்பவும் வித்தியாசம் இருந்தால் இரண்டு டை ரொட் என்ட்டையும் ரக்கிலிருந்து பிரித்து, சில்லை ஒவ்வொன்றாகக் கையால் கிறுக்கிப் பாருங்க. இறுகினது போல் ஜொயின்ட் என்றால் அங்கேயே தெரியும். சில்லு இரண்டும் இலேசு, ரக் மட்டும் பாரம் என்றால் ஸ்டேரிங் தண்டின் கீழ் ஜொயின்ட் துருப்பிடித்திருக்கும், இல்லாட்டி ரக் தண்டு வளைஞ்சிருக்கும். அந்தரத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாக வந்தால் நிலத்தில்தான் விஷயம்: இடது, வலது கேஸ்டர் இரண்டையும் அளக்கச் சொல்லுங்க. முதலில் அந்தரத்துக் கணக்கை எடுத்து அனுப்புங்க.