போர்வெல்லில் என்ன கலந்திருக்கிறது? வாசகர் கேள்விகள்

கேள்வி: ராணுவத்தில் இருந்தபோது விமான தளத்தில் நுரை அடித்துத் தீயணைப்புப் பயிற்சி எடுத்தோம். அமெரிக்க தளங்களில் நிலத்தடி நீர் கெட்டது அந்த நுரையால்தான் என்கிறார்கள். எங்கள் ஊர் போர்வெல்லிலும் அது இருக்குமா? (ஓய்வுபெற்ற ராணுவ வீரர், பர்கூர்)

அந்த நுரையில் இருப்பவை பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃப்ளூரின் சேர்மங்கள். எரியும் பெட்ரோலின் மேல் மெல்லிய படலமாகப் பரவித் தீயை அமுக்கும் இந்த நுரை 1960-களில் அமெரிக்கக் கடற்படைக்காக உருவானது. பயிற்சித் திடலில் கொட்டியது மக்காமல் மண்ணிலேயே தங்கி, மழைக்கு மழை கீழே இறங்கிவிட்டது. இவற்றில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டுக்கும் 2024-ல் அமெரிக்கா வைத்த குடிநீர் வரம்பு லிட்டருக்கு வெறும் 4 நானோகிராம்.

பயிற்சித் திடலோ, எரிபொருள் கிடங்கோ, நுரை கொட்டி அணைத்த பெரிய தீவிபத்தோ அருகில் இல்லையென்றால் இந்தச் சோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். உங்கள் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது ஃப்ளோரைடு.

கேள்வி: ஆயிரம் அடி போர். தண்ணீர் இனிப்பாக இருக்கிறது, சோப்பும் நன்றாக நுரைக்கிறது. அப்படியும் ஃப்ளோரைடு இருக்குமா? (காரிமங்கலம்)

இருக்கலாம். சோப்பு நன்றாக நுரைப்பதே சந்தேகப்பட ஒரு காரணம். ஃப்ளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது. நீரில் கால்சியம் நிறைய இருந்தால் அதைப் பிடித்துப் படிய வைத்துவிடும்; கால்சியம் குறைந்து சோடியம் பைகார்பனேட் கூடிய மென்னீரில் கரைந்தபடியே நிற்கும். சுவையோ நிறமோ கிடையாது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீருக்கே வழியில்லை என்றால் 1.5 வரை.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைக் குளிக்க, துவைக்க விடுங்கள். ஆர்ஓ ஃப்ளோரைடைக் குறைக்கும். ஆனால் 4 மில்லிகிராம் உள்ள நீரில் கால் பங்கு நல்ல நீராகப் பிரிந்தால், கழிவு நீரில் அது 5-ஐத் தாண்டிவிடும். அதை மாட்டுத் தொட்டியில் ஊற்றாதீர்கள், கழிப்பறைக்குப் போகட்டும். கேண்டில் ஃபில்டர், யுவி, கரி ஃபில்டர் எதற்கும் ஃப்ளோரைடு அடங்காது.

கேள்வி: காய்ச்சினால் போதாதா? முருங்கை விதை? (பாலக்கோடு)

காய்ச்சினால் கிருமி சாகும், நீர் ஆவியாகும், ஃப்ளோரைடு அப்படியே நிற்கும். அடர்த்தி கூடத்தான் செய்யும். முருங்கை விதை கலங்கலைத் தெளிய வைக்கும். ரசாயனத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: பக்கத்துப் பட்டறையில் இரும்புச் சாமான்களின் கிரீஸைக் கழுவும் திரவத்தை மண்ணில் கொட்டுகிறார்கள். கிணற்று நீரில் இனிப்பான நெடி. என்ன செய்வது? (ஓசூர்)

அது ட்ரைக்குளோரோஎத்திலீனாக இருக்கலாம். அமெரிக்காவின் கேம்ப் லெஜூன் கடற்படைக் காலாட்படைத் தளத்தில் 1982-ல் குழாய் நீரிலேயே லிட்டருக்கு 1,400 மைக்ரோகிராம் இருந்தது. அந்நாட்டு வரம்பு 5. இது தண்ணீரைவிடக் கனமானது. எண்ணெய்போல் மேலே மிதக்காமல் பாறை வெடிப்பு வழியாக அடிக்கு இறங்கி, அங்கிருந்து பல ஆண்டுகள் கசியும். ஒரே ஒரு லிட்டர் திரவம் சுமார் 29 கோடி லிட்டர் நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். கிணற்றை இறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பார்கள். இறைக்க இறைக்க மாசு உங்கள் பக்கம்தான் இழுபடும்.

சோதனை முடிவு வரும்வரை குடிக்காதீர்கள், அதில் வெந்நீர் போட்டும் குளிக்காதீர்கள். சூட்டில் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும். தேதி குறித்த புகைப்படங்களோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

கேள்வி: மாதிரி எடுப்பது எப்படி? (ஊத்தங்கரை)

பெரும்பாலும் கெடுவது இங்கேதான். மேல்தொட்டிக் குழாயில் பிடிக்காதீர்கள். மோட்டாரைக் கால்மணி நேரம் ஓடவிட்டு போர் வாயிலேயே பிடியுங்கள். ஃப்ளோரைடுக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். அதே நீரில் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள், கண்ணாடி கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். நைட்ரேட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மாதிரியைக் குளிரவைத்து 48 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

ஓசூர் வாசகருக்கு இந்தப் பாட்டில் உதவாது. ஆய்வகமே தரும் 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், டெஃப்லான் மூடியோடு, விளிம்பு வழிய நிரப்பிக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு குமிழி தெரிந்தாலும் வேறு குப்பியில் புதிதாகப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பிஎஃப்ஏஎஸ் சோதனைக்கோ இதே டெஃப்லான் ஆகாது, முடிவையே மாற்றிவிடும். எதைத் தேடுகிறோம் என்று ஆய்வகத்தில் முதலில் சொல்லிவிட்டு, பிறகு பாட்டில் வாங்குங்கள்.