ஆய்வு சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை கடலூர் மாவட்டத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்தவை. வணிகவியல், செல் உயிரியல், கடலோரச் சூழல் என்று துறைகள் விலகி நின்றாலும், ஓர் ஆய்வின் முடிவைக் கேட்டவுடன் ஏற்றுக்கொள்ளலாமா என்ற ஐயம் ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் இருந்தது.

கேள்வி: முதுகலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ‘சமையல் எண்ணெய் வாங்குவதில் கடலூர் நகர நுகர்வோரின் மனப்பாங்கு’ என்பது என் ஆய்வேட்டின் தலைப்பு. திருப்பாதிரிப்புலியூர் கடைவீதியில் 100 பேரிடம் வினாப்பட்டியலை நிரப்பி வாங்கிவிட்டால் போதும் என்று முன்பு படித்தவர்கள் சொல்கிறார்கள். இது உண்மையிலேயே ஆய்வாகுமா? – மாணவி, மஞ்சக்குப்பம்

பதில்: ஆகும். ஆனால் அந்த 100 பேர் யார், அவர்களிடம் என்ன கேட்டீர்கள் என்பதைப் பொறுத்தே ஆகும். குலுக்கல் முறையில் நகரம் முழுவதிலுமிருந்து 100 பேரைத் தேர்ந்தெடுத்திருந்தால்கூட, பாதிப் பேர் செக்கு எண்ணெயை விரும்புகிறார்கள் என்று நீங்கள் கண்டறிவது, கூடவும் குறையவும் 10 விழுக்காடு பிழைக்கு இடம் தருவதாகவே இருக்கும். மாலை 6 மணிக்குக் கடைவீதியில் நின்று, நேரம் இருப்பவர்களை மட்டும் நிறுத்திக் கேட்டால் அந்தக் கணக்கும் பொருந்தாது. மொத்தமாக மாதச் சாமான் வாங்குபவரும், அன்றாடக் கூலியில் 100 மில்லி வாங்குபவரும், வீட்டுக்கே வரவழைப்பவரும் ஒரே கடைவாசலில் சம அளவில் நிற்பதில்லை. ஆகவே தலைப்பில் ‘கடலூர் நகர நுகர்வோர்’ என்று எழுதாமல், எந்தக் கடைகளில், எந்த நேரத்தில், யாரிடம் கேட்டீர்கள் என்பதை அப்படியே எழுதிவிடுங்கள். ஆய்வேடு அதனால் சிறுத்துப்போகாது.

இன்னொன்று, ‘உடல்நலத்துக்கு முன்னுரிமை தருவீர்களா?’ என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ‘கடைசியாக வாங்கிய எண்ணெய் எது, எவ்வளவு, என்ன விலை?’ என்று கேளுங்கள். இயன்றால் கடைக்காரரின் ஒப்புதலோடு, பெயர்களை நீக்கிவிட்டு, ஒரு மாத விற்பனைச் சீட்டுகளைப் பாருங்கள். சொல்லுக்கும் செயலுக்கும் இடையே நீங்கள் காணும் இடைவெளிதான் உங்கள் ஆய்வின் மிகச் சிறந்த பகுதியாக அமையும்.

உங்கள் துறையின் புகழ்பெற்ற சோதனை ஒன்று இங்கே உதவும். கலிபோர்னியாவின் உயர்தர மளிகைக் கடை ஒன்றில் ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் ஆகியோர் ஒரு சமயம் 24 வகை ஜாமும் மற்றொரு சமயம் 6 வகை ஜாமும் சுவைக்க வைத்தார்கள். 24 வகை இருந்தபோது கூட்டம் அதிகம் நின்றது. ஆனால் நின்றவர்களில் 3 விழுக்காட்டினரே வாங்கினார்கள். 6 வகை இருந்தபோது 30 விழுக்காட்டினர் வாங்கினார்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த முடிவு, ‘தெரிவுகள் கூடினால் விற்பனை குறையும்’ என்ற விதியைப் போல உலகெங்கும் வகுப்புகளில் சொல்லப்பட்டது. 2010இல் இதையொத்த 50 சோதனைகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது சராசரி விளைவு ஏறக்குறைய சுழியாகவே வந்தது. சில சோதனைகளில் தெரிவுகள் கூடியபோது விற்பனையும் கூடியிருந்தது. பின்னர் வந்தவர்கள், வாங்குபவருக்குத் தமக்கு வேண்டியது முன்பே தெரியுமா, வகைகளை ஒப்பிடுவது எளிதா என்பன போன்ற சூழல்களைப் பொறுத்தே விளைவு மாறும் என்று காட்டினார்கள். ஜாம் கடையில் அன்று நடந்தது பொய்யன்று. எல்லாக் கடைக்கும் அது பொருந்தும் என்று கொண்டதுதான் அவசரம்.

கேள்வி: ஒரு மூலிகை இலைச் சாறு ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களைக் கொன்றது என்று செய்தித்தாளில் படித்தேன். அப்படியானால் அதை ஏன் மருத்துவமனையில் தருவதில்லை? – ஓய்வுபெற்ற ஊழியர், பண்ருட்டி

பதில்: ஆய்வகத் தட்டில் வளரும் செல்லைக் கொல்வது மிக எளிது. செறிவான உப்புக் கரைசலும் கொல்லும், எரிசாராயமும் கொல்லும். ஆகவே அந்தச் செய்தியைப் படிக்கும்போது மூன்றைத் தேடுங்கள். எவ்வளவு செறிவில் கொன்றது? அந்த அளவு மனித இரத்தத்தில் எட்டக்கூடியதா? அதே சாற்றை நலமான செல்களின் மேல் ஊற்றியபோது அவை பிழைத்தனவா? மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத கட்டுரைகள் ஏராளம். என்னைப் பொறுத்தவரை அத்தகைய கட்டுரை செய்தியாகும் தகுதியே பெறவில்லை.

சோதித்த செல் எது என்பதும் உறுதியாக வேண்டும். 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட ஹீலா செல்கள் மிக வேகமாகப் பெருகக்கூடியவை. ஆய்வகங்களில் வளர்த்த மற்ற செல்களோடு அவை கலந்து பெருகி, அவற்றின் இடத்தையே பிடித்துவிட்டிருந்தன என்பதை 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் வெளிப்படுத்தினார். வேறு உறுப்பின் செல் என்று எண்ணிக்கொண்டு ஹீலாவையே ஆராய்ந்தவர்கள் பலர். இன்று டி.என்.ஏ. அடையாளச் சோதனையால் இதை எளிதில் சரிபார்க்கலாம்; நல்ல ஆய்விதழ்கள் அந்தச் சான்றைக் கேட்கின்றன.

இலையிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் பூக்கும் நித்திய கல்யாணியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் ஜமைக்காவிலிருந்து வந்த அதன் இலைகளைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்றுதான் சோதித்தார்கள். எலிகளின் சர்க்கரை குறையவில்லை. வெள்ளை அணுக்கள் குறைந்தன. அதைப் பிழையென்று ஒதுக்காமல் பின்தொடர்ந்து, வின்கிரிஸ்டினை ஒத்த வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் நுண்குழல்கள் டியூபுலின் என்ற புரதத்தால் ஆனவை. இம்மருந்துகள் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு குழல் உருவாகாமல் தடுப்பதால் செல் பிரிய முடியாமல் நின்று மடிகிறது. நரம்பையும் எலும்பு மச்சையையும் இதே மருந்துகள் தாக்கக்கூடும் என்பதால்தான் மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து இரத்தக் குழாய் வழியே செலுத்துகிறார்கள். வீட்டில் இலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பது ஆபத்து. தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம்.

கேள்வி: சுனாமியில் பிச்சாவரம் சுரபுன்னைக் காடுதான் எங்கள் பகுதி ஊர்களைக் காப்பாற்றியது என்று பள்ளியில் சொல்லித்தருகிறோம். அது நிரூபிக்கப்படவில்லை என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். எது சரி? – ஆசிரியர், கிள்ளை

பதில்: உங்கள் ஊரை வைத்தே நடந்த வாதம் இது, ஆய்வு எப்படி நகர்கிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

2004 டிசம்பர் 26க்குப் பிறகு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அக்கரையோரத்தின் 18 சிற்றூர்களில் உயிரிழப்பையும் பொருளிழப்பையும் கணக்கெடுத்தார்கள். கரையிலிருந்து ஊரின் தொலைவு, கடல் மட்டத்துக்கு மேல் அதன் உயரம், முன்னால் நின்ற தாவரப் பரப்பு ஆகிய மூன்றையும் அளந்து, காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் இழப்பு குறைவு என்று 2005இல் எழுதினார்கள். அதே ஆண்டில் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த மற்றோர் ஆய்வும், செயற்கைக்கோள் படங்களின் துணையோடு, கடலூர் மாவட்டத்தில் அலையாத்தி (சுரபுன்னை) மரங்களும் சவுக்குத் தோப்புகளும் அடர்ந்திருந்த இடங்களில் சேதம் குறைவு என்றது.

2006இல் கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூவர் பரங்கிப்பேட்டை ஆய்வின் அதே எண்களை எடுத்து மறுபடி கணக்கிட்டார்கள். காடு மிகுந்த ஊர்கள் பெரும்பாலும் கடலுக்குத் தொலைவிலும் மேட்டிலும் இருந்தன. தொலைவையும் உயரத்தையும் முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டால், காடு கூடுதலாக விளக்குவது மிகச் சொற்பமே என்று அவர்கள் வாதிட்டார்கள். உடனே வேறு இருவர் அந்த எண்களையே வேறொரு புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, காட்டுக்குப் பங்கு உண்டு என்று மறுமொழி எழுதினார்கள்.

ஒரே எண்கள் எப்படி இரண்டு விடை தரும் என்று மாணவர்கள் கேட்பார்கள். மேட்டில் இருக்கும் ஊரின் முன்னால் காடும் இருந்தால், அந்த ஊர் தப்பியதற்கு மேடு காரணமா, காடு காரணமா என்பதைப் பிரித்தறிய, காடில்லாத மேட்டூரும் காடுள்ள பள்ளத்தூரும் போதிய எண்ணிக்கையில் வேண்டும். 18 ஊர்களில் அது கிடைப்பது கடினம். சுனாமியைத் திரும்ப வரவழைத்துச் சோதிக்கவும் முடியாது. செல் ஆய்வில் அடுத்த வாரமே சோதனையை மறுபடி செய்யலாம்; இங்கே இயற்கை ஒரே முறை தந்த தரவை வைத்துக்கொண்டுதான் வாதிட வேண்டியிருக்கிறது. துறைக்குத் துறை சான்றின் தன்மை மாறுகிறது என்பதை இதற்காகவே வலியுறுத்துகிறேன்.

என் கருத்தையும் சொல்கிறேன். சுரபுன்னைக் காடு அலையின் வேகத்தைக் குறைக்கும், கரையரிப்பைத் தடுக்கும், இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் வாழிடமாகும். அதைக் காக்க இவையே போதுமான காரணங்கள். ஆனால் காடு இருக்கிறது என்ற துணிவில் கரையை ஒட்டித் தாழ்நிலத்தில் வீடு கட்டலாம் என்று ஒருவரும் எண்ணிவிடக் கூடாது. தொலைவும் உயரமும் உயிரைக் காக்கும் என்பதில் இந்த ஆய்வாளர்கள் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பள்ளியில் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: என் மகள் இளங்கலை இயற்பியல் முடித்துவிட்டு உயிரியல் ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறாள். துறை மாறினால் பின்தங்கிவிடமாட்டாளா? – தாய், வில்லியனூர்

பதில்: 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற பிறகு, கலிபோர்னியாவில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். செல்லுக்குள் புரதம் தயாராகும் ரைபோசோமின் சிறிய பகுதியை அணு அளவில் படம்பிடித்து 2000இல் வெளியிட்டார். 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு அவர் கையாண்ட எக்ஸ் கதிர்ப் படிகவியல், அதாவது படிகத்தில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி அணுக்களின் அமைப்பை அறியும் முறை, இயற்பியலில் வேர்கொண்ட கலை. பெங்களூரின் தேசிய உயிர் அறிவியல் மையம் போன்ற இடங்கள் இயற்பியல் பட்டதாரிகளையும் எடுக்கின்றன. மகள் இப்போதே ஒரு நல்ல செல் உயிரியல் பாடநூலைத் தொடங்கிப் படிக்கட்டும்.

கேள்வி: நாங்கள் மீன் விற்பவர்கள். கல்லூரியிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வந்து, வருமானம், கடன், சாப்பாடு என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். அப்புறம் யாரும் வருவதில்லை. நாங்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்? – மீன் விற்கும் பெண்கள், தேவனாம்பட்டினம்

பதில்: அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. மேலே சொன்ன ஹென்ரியட்டா லாக்ஸின் செல்கள் அவரைக் கேட்காமலேயே ஆய்வுக்குப் பயன்படுத்தப்பட்டன. அவை உலகெங்கும் வளர்க்கப்படுவது 20 ஆண்டுகளுக்கு மேலான பிறகே குடும்பத்தாருக்குத் தெரிந்தது. அத்தகைய அநீதிகளிலிருந்து கற்றதால்தான் இன்று விதிகள் இருக்கின்றன.

மக்கள் இணங்காமல் நடக்க முடியாத ஆய்வுகளும் உண்டு. யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் இரத்தத்தில் மிகுதியாக உலவும் என்பதால், வீடு வீடாக இரவில் வந்து விரல் நுனியில் இரத்தம் எடுப்பார்கள். 1975இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்நோயையும் அதைப் பரப்பும் கொசுவையும் ஆராய்ந்திருக்கிறது. தூக்கத்திலிருந்து எழுந்து விரலை நீட்டியவர்கள் இல்லாமல் அந்த அறிவு வந்திராது. ஆகவே கதவை அடைத்துவிடாமல், நிபந்தனை வையுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வு எதற்கு என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். நடுவில் விலகிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. பெயரும் அடையாளமும் வெளியே போகக் கூடாது. அடுத்து வருகிறவர்களிடம் நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். தகவல் தாளின் தமிழ்ப் படி ஒன்றை உங்கள் சங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு முடிந்ததும் ஊர்க் கூட்டத்தில் வந்து முடிவுகளைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளில் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும்.